நாதுலா: சிறிய கதவின் கதை

கேங்டாக் நகரிலிருந்து நாதுலா சுமார் 55 கி.மீ. தூரம்தான். ஆனால் ஜீப் போய்ச் சேர இரண்டரை மணியோ மூன்று மணியோ ஆகிவிடும். சுமார் 5,500 அடி உயரத்தில் கிளம்பும் வண்டி 14,140 அடியில் போய் நிற்க வேண்டும். வழியில் மரங்கள் குட்டையாகி, புதர்களாகி, கடைசியில் காணாமலே போகின்றன. பாதி தூரத்துக்கு மேல் கடந்ததும் சாங்கு ஏரி வருகிறது. கொம்புகளில் வண்ண நூல் சுற்றிய யாக் மாடுகள் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கக் காத்து நிற்கின்றன. கரையோரக் கடைகளில் சூடான தேநீரும் மோமோவும் நூடுல்ஸும். வாடகைக்கு ரப்பர் பூட்ஸும் கம்பளிக் கோட்டும் கிடைக்கும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் குடும்பங்கள் முதன்முதலாகப் பனியைத் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் இங்கேதான்.

மேலே போக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை. திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் உள்நாட்டுப் பயணிகளுக்கும் இல்லை. உச்சியில் வண்டியை நிறுத்திப் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. காற்றில் ஆக்சிஜன் குறைவு. எதிரே முள்கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் இந்திய ராணுவக் கட்டடம். அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், சீன ராணுவக் கட்டடம். ‘லா’ என்றால் திபெத்திய மொழியில் கணவாய். ‘நாதுலா’ என்பதற்குக் கேட்கும் காதுகள் என்று பொருள் சொல்கிறார்கள்.

தலா 140 கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட இரண்டு நாடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம் இது. 2024-25 நிதியாண்டில் இந்த இரு நாடுகளுக்கும் இடையே நடந்த சரக்கு வர்த்தகம் சுமார் 12,770 கோடி டாலர். இதில் இந்தியா வாங்கியது 11,345 கோடி டாலருக்கு. விற்றது 1,425 கோடி டாலருக்கு. இந்தியாவுக்குத் துண்டு விழுந்த தொகை மட்டும் ஏறக்குறைய 9,920 கோடி டாலர்.

இவ்வளவு சரக்கில் ஒரு கிலோகூட அந்த ஆண்டு இந்தக் கணவாய் வழியாக வரவில்லை. 2020-ல் மூடிய சந்தை அப்போதும் திறக்கப்படவில்லை.

கணவாய்க்கு ஐந்தாறு கிலோமீட்டர் கீழே இருக்கிறது ஷெரதாங். இந்தியா அமைத்த எல்லைச் சந்தை இதுதான். அந்தப் பக்கம் சும்பி பள்ளத்தாக்கில், யாதுங் அருகே ரின்சென்காங் என்ற இடத்தில் சீனா தன் சந்தையை அமைத்தது. வர்த்தகம் நடந்த காலத்தில் கோடையில் தொடங்கி நவம்பர் முடிய, திங்கள் முதல் வியாழன் வரை வாரத்தில் நான்கு நாள் சந்தை கூடும். காலை ஏழரை மணிக்குத் திறந்து பிற்பகல் மூன்றரைக்கு மூடுவார்கள். அது நம் கடிகாரம். சீனக் கடிகாரத்தில் அதே சந்தை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடும். வேலியைத் தாண்டினால் நேரம் இரண்டரை மணி முன்னே ஓடிவிடுகிறது. சிக்கிம் வியாபாரிகள் சரக்கோடு அந்தப் பக்கம் போய், விற்றுவிட்டு, அன்றைக்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து வருபவர்களுக்கும் இதே விதிதான்.

சந்தை புதிது. வழி பழையது. கம்பளியும் உப்பும் யாக் வாலும் தெற்கே இறங்கவும், துணியும் தேயிலையும் தானியமும் வடக்கே ஏறவும் நாதுலாவும், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜெலெப்லாவும் பயன்பட்டன. யாக்கின் வால்மயிரில் செய்ததுதான் நம் கோயில்களில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரம். வள்ளுவர் சொல்லும் கவரிமா இந்த யாக்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இமயத்தின் ஒரு பொருள் கணவாய்கள் இறங்கித் தென்கோடி வரை வந்து சேர்ந்த வியாபாரம் அது.

இந்த வழியைத் துப்பாக்கியோடு திறந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1903-04-ல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் ஜெலெப்லா வழியே திபெத்துக்குள் நுழைந்த படை லாசா வரை போயிற்று. அதன் விளைவான ஒப்பந்தம் யாதுங், கியாண்ட்சே, கார்டோக் ஆகிய மூன்று ஊர்களில் வணிகச் சந்தைகளுக்கு வழி செய்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு இந்த வியாபாரத்தின் தலைநகராக இருந்தது காலிம்பாங்.

மேற்கு வங்கத்தின் மலை நகரான காலிம்பாங்கின் பத்தாம் மைல் பகுதியில் இறங்கினால் அந்தக் காலத்தின் சுவடுகளை இன்றும் பார்க்கலாம். கம்பளிக் கிடங்குகள் இருந்த இடம் அது. லாசாவிலிருந்து கோவேறு கழுதைகளின் வரிசை இங்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். கம்பளியைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, கல்கத்தா வழியாக அமெரிக்கக் கம்பள ஆலைகளுக்கு அனுப்புவார்கள். திபெத்திய வியாபாரிகள், மார்வாரி முதலாளிகள், நேவாரிகள், பூட்டியாக்கள் என்று பல இனத்தவரும் ஒரே தெருவில் கணக்கு எழுதினார்கள். இங்கே 1925 முதல் நடந்த ‘திபெத் மிரர்’ என்ற திபெத்திய மொழிப் பத்திரிகை உலகச் செய்திகளோடு காலிம்பாங்கின் கம்பளி விலையையும் அச்சிட்டது. லாசாவில் பதின்மூன்றாவது தலாய் லாமாவுக்குப் போன மோட்டார் கார்கள்கூடத் தனித்தனிப் பாகங்களாகக் கழற்றப்பட்டு இமயம் ஏறியவைதான்.

1954 ஏப்ரல் 29-ல் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பஞ்சசீலத்துக்காகவே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பெயரிலேயே இருந்தது திபெத்துடனான வணிகமும் போக்குவரத்தும்தான். ஐந்து கொள்கைகள் அதன் முன்னுரையில் இருந்தன. உள்ளே இருந்தவை சந்தைகள், யாத்ரீகர்கள், கணவாய்கள் பற்றிய ஷரத்துகள். 1956-ல் புத்த ஜயந்திக்கு இந்தியா வந்த தலாய் லாமா நாதுலா வழியாகத்தான் வந்தார். 1958-ல் பூடானுக்குப் போன நேரு இதே கணவாயைக் கடந்து, சும்பி பள்ளத்தாக்கு வழியாகப் போனார். அப்போது பூடானுக்கு மோட்டார் சாலை கிடையாது.

எட்டு ஆண்டுக் கெடு கொண்ட அந்த ஒப்பந்தம் 1962 ஜூனில் காலாவதியாயிற்று. அதைப் புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் போர் வந்தது. கணவாய் மூடியது. 1967 செப்டம்பரில் இதே நாதுலாவில் வேலி போடும் தகராறு பீரங்கிச் சண்டையாக முற்றியது. காலிம்பாங்கின் கிடங்குகள் காலியாயின. கம்பளியை நம்பி இருந்தவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள்.

மறுபடி கதவு திறக்க 44 ஆண்டுகள் ஆயின. 2003-ல் பிரதமர் வாஜ்பாயி பெய்ஜிங் போனபோது நாதுலா வழி வர்த்தகத்துக்கு ஒப்பந்தம் ஆயிற்று. சீனா அதுவரை சிக்கிமை இந்தியாவின் பகுதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. சிக்கிமில் ஒரு சந்தையை இந்தியச் சந்தையாக ஒப்புக்கொண்டதே ஒரு ராஜதந்திரச் செய்தியாக இருந்தது. 2006 ஜூலை 6-ம் தேதி, மழையிலும் குளிரிலும், முள்கம்பி விலகியது. இரு பக்க வியாபாரிகளும் மாலையோடும் பட்டுத் துண்டோடும் கடந்தார்கள்.

எதிர்பார்ப்பு மலையளவு இருந்தது. சிக்கிம் அரசு அமைத்த ஆய்வுக் குழு 2005-ல் இரண்டு கணக்குகள் கொடுத்திருந்தது. எல்லாம் கூடி வந்தால் 2010-ல் 2,266 கோடி ரூபாய், 2015-ல் 12,203 கோடி ரூபாய் என்பது ஒன்று. மெதுவாகப் போனால் 2010-ல் 353 கோடி, 2015-ல் 450 கோடி என்பது மற்றொன்று. முதல் ஆண்டில் நடந்த வர்த்தகம் இரு பக்கமும் சேர்த்து சுமார் 20 லட்சம் ரூபாய். பிற்பாடு கோடிகளைத் தொட்டது உண்மைதான். ஆனால் மெதுவான கணக்கின் பக்கம்கூட அது போகவில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சந்தையில் எதை விற்கலாம், எதை வாங்கலாம் என்ற பட்டியலைப் படித்தாலே போதும். இந்தியா அனுப்பக்கூடிய பொருட்கள் 29: விவசாயக் கருவி, கம்பளி, செப்புப் பாத்திரம், சைக்கிள், காப்பி, தேயிலை, பார்லி, அரிசி, மாவு, வெல்லம், கற்கண்டு, புகையிலை, மூக்குப்பொடி, மண்ணெண்ணெய் இத்யாதி. சீனாவிலிருந்து வாங்கக்கூடியவை 15: ஆட்டுத் தோல், ஆட்டு ரோமம், கச்சாப் பட்டு, யாக் வால், யாக் மயிர், களிமண், வெண்காரம், வெண்ணெய், உப்பு, குதிரை, வெள்ளாடு, செம்மறியாடு போன்றவை. கோவேறு கழுதை காலத்துப் பட்டியலை இன்டர்நெட் காலத்துச் சந்தைக்குக் கொடுத்தார்கள்.

இதில் கச்சாப் பட்டு திபெத்தில் விளைவதில்லை. உயிருள்ள ஆடும் குதிரையும் வாங்க வேண்டுமானால் நோய் பரிசோதித்துத் தனியே வைத்திருக்கும் நிலையம் வேண்டும். அது சரியாக அமையவில்லை என்று வியாபாரிகள் குறை சொன்னார்கள். பணம் மாற்ற உருப்படியான ஏற்பாடு இல்லை என்பது இன்னொரு குறை. ஒரு வியாபாரி ஒரு நாளில் இவ்வளவு மதிப்புக்குத்தான் சரக்கு கொண்டுபோகலாம் என்ற உச்சவரம்பு 25,000 ரூபாயில் தொடங்கிப் பிறகு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் உயர்ந்தது. திபெத்திய வியாபாரிகளிடம் விற்க இருந்தவை பூட்ஸ், ஜாக்கெட், போர்வை போன்றவை. அவை பட்டியலில் இல்லை.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. சில ஆண்டுகளில் நாதுலா வழி இறக்குமதி ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது. ரின்சென்காங்கில் இந்திய வனஸ்பதிக்கும் பாத்திரங்களுக்கும் டப்பா உணவுக்கும் கிராக்கி இருந்தது. துறைமுகங்களில் சீனாவிடம் கோடிக்கணக்கான டாலர் துண்டு விழுந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு உபரி கிடைத்த அபூர்வ இடமாக நாதுலா இருந்தது. 2012-ல்தான் பட்டியலை நீட்டினார்கள். இந்தியப் பக்கம் பதப்படுத்திய உணவு, பூ, ஜெபமாலை, ஊதுபத்தி உட்பட ஏழு வகை கூடியது. சீனப் பக்கம் ஆயத்த ஆடை, காலணி, தரைவிரிப்பு, போர்வை, நாட்டு மருந்து ஆகிய ஐந்து. உடனே வியாபாரம் சூடு பிடித்தது. ஒரு காகிதத்தில் ஐந்து வரி கூட்டியதற்கே அந்தப் பலன்.

சாலையும் ரயிலும் தனிக் கதை. நாதுலா திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 2006 ஜூலை 1-ல், லாசாவுக்கு முதல் ரயில் கிளம்பியது. கோல்முட்டிலிருந்து 1,142 கி.மீ. நீளம், 5,000 மீட்டருக்கு மேலான உயரத்தையும் கடக்கும் பாதை அது. 2014-ல் அந்த ரயில் ஷிகாட்சே வரை நீண்டது. இந்தப் பக்கம் சேவோக்கிலிருந்து ரங்போ வரை சுமார் 45 கி.மீ. ரயில் பாதைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். பதினைந்து ஆண்டு கழித்தும் பணி முடியவில்லை. பாதையில் பெரும்பகுதி சுரங்கம். மலையும் இளகிய மண். சிலிகுரியையும் கேங்டாக்கையும் இணைக்கும் டீஸ்டா கரைச் சாலை மழைக்காலத்தில் சரிந்துகொண்டே இருக்கிறது. 2023 அக்டோபர் 4-ல் பனியேரி உடைந்து வந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துச் சென்றபோது இந்தச் சாலையும் பல இடங்களில் போயிற்று.

தாமதத்துக்கு டில்லியின் அச்சமும் ஒரு காரணம். நாதுலாவுக்குத் தெற்கே, மலை இறங்கியதும், வட கிழக்கு மாநிலங்களை இந்தியாவோடு இணைக்கும் சிலிகுரி இடைவெளி இருக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சரக்கு வரும் சாலையில் படையும் வரலாம் என்ற எண்ணம் ராணுவத்துக்கு எப்போதும் உண்டு. அதைக் கேலி செய்துவிட முடியாது. 2017 ஜூன் மாதம் சும்பி பள்ளத்தாக்கை ஒட்டிய டோக்லாமில் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. நாதுலா வழியாகக் கைலாஸ யாத்திரைக்குக் கிளம்பிய பக்தர்கள் அந்த ஆண்டு திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 2020-ல் கொரோனா வந்தது. ஜூன் 15 இரவு கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். சிக்கிமின் நாதுலா, இமாசலத்தின் ஷிப்கிலா, உத்தராகண்டின் லிபுலேக் ஆகிய மூன்று கணவாய்ச் சந்தைகளும் மூடின.

சரி, பகை முற்றினால் வியாபாரம் நிற்கத்தானே செய்யும் என்று தோன்றலாம். புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. கல்வானுக்கு முந்தைய 2019-20-ல் இருதரப்பு வர்த்தகம் சுமார் 8,190 கோடி டாலர். கல்வான் நடந்த 2020-21-ல் 8,640 கோடி. அடுத்த ஆண்டு 11,580 கோடி. டிக்டாக்கைத் தடை செய்தோம். சீன முதலீட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தோம். தெருக்களில் சீன டி.வி. பெட்டிகளை உடைத்தோம். கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நாதுலாவிலிருந்து சிலிகுரிக்கு இறங்க வேண்டும். அங்கே ஹாங்காங் மார்க்கெட் என்றே ஒரு கடைவீதி இருக்கிறது. பொம்மை, குடை, டார்ச், போர்வை, ஷூ, மொபைல் கவர் என்று சீனச் சரக்கு குவிந்து கிடக்கிறது. சீனாவின் கிழக்குக் கரையில் கப்பலேறி, மலாக்கா ஜலசந்தி சுற்றி, இந்தியத் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் சிலிகுரி வரும் போர்வை, மறுபடி மலையேறி கேங்டாக்கின் லால் பஜாருக்குப் போகிறது. திபெத் எல்லைக்கு 55 கி.மீ. தூரத்தில் இருக்கும் கடைக்கு, அரை உலகம் சுற்றி வருகிறது சீனப் போர்வை.

இந்தச் சில்லறைச் சாமான்கள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதிதான். சீனாவிலிருந்து நாம் வாங்குவதில் பெரும் பங்கு மின்னணுப் பாகங்கள், இயந்திரங்கள், ரசாயனங்கள். இந்தியா இறக்குமதி செய்யும் மருந்து மூலப்பொருட்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகிறது. நாம் அனுப்புவது இரும்புத் தாது, பெட்ரோலியப் பொருட்கள், பருத்தி நூல், இறால், ஆமணக்கு எண்ணெய். சில பொருட்களில் கதவைச் சாத்தவும் செய்தோம். மலிவு விலை சீன லைட்டரால் கோவில்பட்டி, சிவகாசி தீப்பெட்டித் தொழில் தேய்ந்துபோக, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டது. ஆனால் லைட்டரை நிறுத்துவது போல மருந்து மூலப்பொருளை நிறுத்த முடியாது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டபோது இந்திய வாகனத் தொழிற்சாலைகள் கவலைப்பட்டன. பெரிய கதவைச் சாத்தும் வசதி இப்போது அந்தப் பக்கத்துக்குத்தான் அதிகம்.

ஆகவே தகராறு வரும்போதெல்லாம் சாத்தப்படுவது சிறிய கதவு. அதை மூடுவதால் டில்லிக்கோ பெய்ஜிங்குக்கோ ஒரு காசு நஷ்டமில்லை. கோபத்தைக் காட்டியதாகவும் ஆகும். நஷ்டம் யாருக்கு என்றால், அனுமதிச் சீட்டு வாங்கிக் கடன் போட்டுச் சரக்கு எடுத்த சிக்கிம் வியாபாரிக்கு, வாரத்தில் நான்கு நாள் சந்தைக்கு வண்டி ஓட்டியவருக்கு, மூட்டை தூக்கியவருக்கு. அந்தப் பக்கம் சும்பியில் நம் வனஸ்பதியும் பாத்திரமும் வாங்கியவருக்கு. சிக்கிமின் பூட்டியாக்களுக்கும் சும்பி பள்ளத்தாக்கு மக்களுக்கும் மொழியிலும் மதத்திலும் பழைய உறவு உண்டு. அவர்கள் சட்டப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இருந்த சந்தர்ப்பம் இந்தச் சந்தை ஒன்றுதான். சுற்றுலா ஜீப்பும் யாக் சவாரியும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியிருக்கின்றன. ஆனால் வேலியைப் பார்க்க வருபவர்களை நம்பிப் பிழைப்பதும், வேலியைக் கடந்து விற்றுப் பிழைப்பதும் ஒன்றாகிவிடாது.

வர்த்தகம் வளர்ந்தால் சமாதானம் வளரும் என்பது 2006-ல் பேசப்பட்ட தத்துவம். இருபது ஆண்டில் நடந்தது வேறு. 2000-01-ல் சுமார் 230 கோடி டாலராக இருந்த வர்த்தகம் ஐம்பது மடங்குக்கு மேல் பெருகியது. எல்லையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சிந்தாத ரத்தம் அதே காலத்தில்தான் சிந்தியது. கன்டெய்னர் கப்பலில் வரும் சரக்குக்கு அண்டை வீட்டுக்காரர் என்ற உறவு தேவைப்படுவதில்லை. சீனா எங்கே இருந்தாலும் அது வரும். அண்டை நாடு என்பதற்கு அர்த்தம் இருப்பது, நடந்து போய் விற்றுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய இடத்தில்தான்.

2025-ல் காற்று சற்றுத் திசை மாறியது. ஜூனில் நாதுலா வழியாகக் கைலாஸ யாத்திரை மீண்டும் தொடங்கியது. ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டில்லி வந்தபோது, மூன்று கணவாய்களிலும் எல்லை வர்த்தகத்தை மறுபடி தொடங்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. நல்ல செய்திதான். ஆனால் கதவைத் திறப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை 2006 காட்டிவிட்டது. பட்டியலைத் திருத்த வேண்டும். சோதனை நிலையமும் வங்கி வசதியும் வேண்டும். மழைக்குத் தாங்கும் சாலை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த தகராறில் முதலில் மூடப்படுவது இந்தச் சந்தைதான் என்ற பயம் வியாபாரிக்கு இல்லாமல் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது யாருடைய பட்ஜெட்டிலும் வராத செலவு. அது கிடைக்கும் வரை எந்த வியாபாரியும் ஒரு பருவத்துக்கு மேல் சரக்குக்குப் பணம் போட யோசிப்பார். நாதுலாவில் பருவம் என்பது, பனி விட்டுக்கொடுக்கும் ஆறேழு மாதம்.